ஆளுக்கொரு பெட்டி, நடுவில் ஒரு மேசை

ஜப்பானில் ஞாயிற்றுக்கிழமை மாலை ஆறரை மணி என்றால் 'சஸாயே-சான்' நேரம். 1969-ல் தொடங்கிய கார்ட்டூன் தொடர் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. தாத்தா, பாட்டி, மூத்த மகள், வீட்டோடு இருக்கும் மாப்பிள்ளை, பேரன், மகளின் தம்பி, தங்கை என ஏழு பேர். ஒரு தாழ்ந்த மேசையைச் சுற்றித் தரையில் உட்கார்ந்து பேசிச் சிரித்துச் சாப்பிடுவார்கள். பார்க்கிறவர்களில் பலருடைய வீட்டில் அந்த மேசையும் இல்லை, அந்த ஏழு பேரும் இல்லை. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நூற்றுக்கு 38 வீடுகளில் இருப்பது ஒரே ஓர் ஆள். அதனால் பார்த்து முடித்ததும் ஒரு பெருமூச்சு வரும். அந்தக் காலத்தில் குடும்பமே சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட்டது, இப்போது ஆளுக்கொரு மூலை என்று.

எந்தக் காலத்தில் என்று கேட்டால்தான் சிக்கல். இன்று ஐம்பது வயதாகும் ஜப்பானியரின் கொள்ளுப்பாட்டியை எழுப்பி வந்து அந்தக் கார்ட்டூனைக் காட்டினால் முதலில் அவருக்குப் புரியாதது அந்த மேசையாகத்தான் இருக்கும். ஒரே பலகையில் எல்லாருமா? அதுவும் பேசிக்கொண்டா?

அவருக்குத் தெரிந்தது ஹகோஸென். ஏறக்குறைய ஓர் அடிச் சதுரமுள்ள, மூடி போட்ட மரப்பெட்டி. வீட்டில் தலைக்கு ஒன்று. உள்ளே ஒரு சோற்றுக் கிண்ணம், ஒரு சாற்றுக் கிண்ணம், ஒரு சின்னத் தட்டு, ஒரு ஜோடி குச்சி, துடைக்க ஒரு துணி. சாப்பாட்டு நேரத்தில் அவரவர் பெட்டியை அலமாரியிலிருந்து எடுத்துத் தன் இடத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். மூடியைக் கவிழ்த்துப் பெட்டியின் மேல் வைத்தால் அதுவே சாப்பாட்டுத் தட்டம். கிண்ணங்களை எடுத்து அதன்மேல் அடுக்கினால் சாப்பிட ஆயத்தம்.

சாப்பிட்டு முடித்த பின் நடப்பதை நம் வீட்டுப் பெரியவர்கள் கேட்டால் காதைப் பொத்திக்கொள்வார்கள். சோற்றுக் கிண்ணத்தில் வெந்நீரோ தேநீரோ ஊற்றுவார்கள். கடைசியில் மிச்சம் வைத்த முள்ளங்கி ஊறுகாய்த் துண்டைக் குச்சியால் பிடித்துக் கிண்ணத்தின் உட்புறம் முழுக்கத் தேய்ப்பார்கள். ஒட்டியிருந்த பருக்கை எல்லாம் தண்ணீரில் இறங்கும். அந்தத் தண்ணீரை அடுத்த கிண்ணத்துக்கு மாற்றி அதையும் அலசி, ஊறுகாயைத் தின்று, தண்ணீரைக் குடித்துவிட வேண்டும். பிறகு துணியால் துடைத்துப் பெட்டிக்குள் வைத்து மூடினால் வேலை முடிந்தது. சரியாகத் தண்ணீர் விட்டுக் கழுவுவது மாதத்தில் சில நாள் மட்டுமே. இதில் எச்சில் பார்க்காமல் இல்லை. பார்த்த விதம் வேறு. என் கிண்ணத்தில் என் வாய் மட்டுமே படும் என்ற பிறகு யார் எச்சில், யாருக்கு?

பெட்டி தனித்தனி. உட்கார்ந்த இடம் அதைவிடக் கறார். கிராமத்து வீட்டின் நடுவில் தரையில் பள்ளமாக வெட்டிய இரோரி என்ற அடுப்பு இருக்கும். அதன் நான்கு பக்கமும் நான்கு தகுதி. வாசலைப் பார்த்த மேலிடம் குடும்பத் தலைவருக்கு மட்டும். அவரைத் தவிர அங்கே போய் உட்காருவது பூனை, முட்டாள், பிக்கு ஆகிய மூவர்தான் என்று ஒரு கேலிப் பேச்சு உண்டு. பக்கவாட்டில் ஒரு பக்கம் விருந்தாளிக்கு, எதிர்ப்பக்கம் மனைவிக்கு. விறகின் வால் நீட்டிக்கொண்டு புகையடிக்கும் கடைசிப் பக்கம் மருமகளுக்கும் வேலையாட்களுக்கும். தலைவருக்கு ஒரு துண்டு மீன் கூடுதலாக விழும் நாளில் மற்றவர்கள் அதைப் பார்த்தும் பார்க்காதது போல் சாப்பிட வேண்டும். வாய் திறந்து பேசுவது ஒழுக்கக்கேடு. இருபது நிமிடம் குச்சிச் சத்தமும் சாறு உறிஞ்சும் சத்தமும் மட்டும். பக்கத்தில் ஆள் இருந்தும் தனியாகச் சாப்பிட்ட சாப்பாடு என்றே இதைச் சொல்வேன்.

சாப்பிட்டது என்ன? படத்தில் காட்டும் வெள்ளை வெளேர் சோறு இல்லை. ஏழைக் கிராமங்களில் அரிசியோடு வாற்கோதுமை, தினை, நறுக்கிய முள்ளங்கி என்று எதையாவது சேர்த்து அளவைப் பெருக்குவார்கள். 1983-ல் ஜப்பானின் பொதுத் தொலைக்காட்சியான என்.எச்.கே. ஒளிபரப்பிய 'ஓஷின்' தொடரில் யமகதாவின் குத்தகை விவசாயி வீட்டுப் பிள்ளைகள் தின்னும் முள்ளங்கிச் சோறு அதுதான். இலங்கையில் ரூபவாகினித் தொலைக்காட்சியில் அந்தத் தொடரைப் பார்த்தவர்களுக்கு நினைவிருக்கும். கூடவே மிசோ சாறு, ஊறுகாய். மீன் என்பது நாள் கிழமைக்கு. நகரத்து வணிகர் வீட்டு வேலைப் பையன்களுக்கு மாதத்தில் ஒன்றாம் தேதியும் பதினைந்தாம் தேதியும் மீன் கிடைத்தால் அது நல்ல முதலாளி வீடு.

சோறு போடும் உரிமை வீட்டு மூத்த பெண்ணிடம். மரத்தாலான சோற்று அகப்பையை மாமியார் ஒருநாள் மருமகள் கையில் கொடுத்தால், வீட்டு நிர்வாகம் கை மாறிவிட்டது என்று அர்த்தம். அதற்கென்று சடங்கு வைத்திருந்த ஊர்களும் உண்டு. அகப்பை பிடித்தவன் தன்னவனானால் கடைப்பந்தியில் இருந்தால் என்ன என்று நாம் சொல்வோம். அங்கே அகப்பை கைக்கு வரும்வரை மருமகள் கடைப்பந்திதான், அதுவும் பெரும்பாலும் மற்றவர்கள் எழுந்த பிறகு.

இந்த ஏற்பாட்டின் மேல் முதலில் கல்லெறிந்தவர்களில் ஒருவர் சோஷலிஸ்ட். சாகாய் தோஷிஹிகோ. 1904-ல் கம்யூனிஸ்ட் அறிக்கையை இன்னொருவரோடு சேர்ந்து ஜப்பானிய மொழிக்குக் கொண்டுவந்தவர். அதற்கு இரண்டு மூன்று ஆண்டுகள் முன்பே குடும்ப வாழ்க்கையைப் பற்றி வரிசையாகச் சிறு நூல்கள் எழுதினார். அவற்றில் அவர் கேட்டது மூன்று: குடும்பம் முழுவதும் ஒரே நேரத்தில், ஒரே மேசையில், ஒரே உணவைச் சாப்பிட வேண்டும். இன்று கேட்டால் இதில் என்ன புரட்சி என்று தோன்றும். ஆளுக்கொரு பெட்டியும் ஆளுக்கொரு தகுதியும் இருந்த நாட்டில் அது புரட்சிதான். வேடிக்கை என்னவென்றால் கிறிஸ்தவப் பத்திரிகைகளும், பெண்கல்விக்காரர்களும், பின்னாளில் அரசின் பாடப்புத்தகங்களும்கூட அதே மேசையைத்தான் புகழ்ந்தன. ஆளாளுக்குக் காரணம் வேறு. அரசுக்கு வேண்டியது நல்ல குடும்பம் வழியாக நல்ல குடிமகன்.

உபதேசத்தைவிட வாடகை வீடு வேகமாக வேலை செய்தது. தொழிற்சாலையும் அலுவலகமும் தேடி டோக்கியோவுக்கும் ஒசாகாவுக்கும் வந்தவர்களுக்குக் கிடைத்தது ஒன்றோ இரண்டோ அறை. சாப்பிடும் அறையே இரவில் படுக்கையறை. அங்கே ஆறு பெட்டிக்கு அலமாரி வைக்க இடமேது? காலை மடக்கிச் சுவரில் சாய்த்து வைக்கக்கூடிய தாழ்ந்த மேசை, சாபுதாய், அங்கேதான் பிழைத்தது. பெரும்பாலும் வட்டமானது. வட்டத்துக்கு மேலிடம் கீழிடம் சொல்வது கடினம், அதனால் மருமகளுக்கும் குழந்தைக்கும் ஒரு வில் இடம் கிடைத்தது. பொதுத் தட்டில் குழம்பும் பொரியலும் வந்தன. பாத்திரங்கள் ஒரே நேரத்தில் சேர்ந்ததால் ஒவ்வொரு வேளையும் கழுவ வேண்டி வந்தது. குழாய்த் தண்ணீர் வந்த நகரங்களில் அது முடிந்தது. யாருக்கு அந்த வேலை கூடியது என்று சொல்லத் தேவையில்லை.

இந்த மாற்றத்துக்கு ஆண்டு குறித்தவர் உணவு மானிடவியலாளர் இஷிகே நாவோமிச்சி. முதியவர்களிடம் அவர்கள் சின்ன வயதில் எதில் சாப்பிட்டார்கள் என்று நாடு முழுக்கக் கேட்டுத் தொகுத்த ஆய்வு அவர் தலைமையில் நடந்தது. அதன்படி சாபுதாய் தனிப்பெட்டியை முந்தியது 1925 வாக்கில். நாற்காலி மேசை சாபுதாயை முந்தியது 1971 வாக்கில். ஆக, ஜப்பான் தன் தொன்று தொட்ட வழக்கம் என்று நினைத்து ஏங்கும் அந்தத் தாழ்ந்த மேசையின் ஆட்சி ஏறக்குறைய நாற்பத்தாறு வருடம்தான். நடுவில் ஒரு பெரும்போர் வேறு. சோறே இல்லாத அந்தச் சில ஆண்டுகளைக் கழித்தால் கணக்கு இன்னும் சுருங்கும்.

சாபுதாயைச் சுற்றிச் சமத்துவம் பூத்துவிட்டது என்றும் சொல்ல முடியாது. அப்பாவுக்கு மட்டும் ஒரு கூடுதல் தட்டு தொடர்ந்தது. கோபம் வந்த அப்பா மேசையை அப்படியே தூக்கிக் கவிழ்ப்பது காமிக்ஸிலும் டிவியிலும் ஜப்பானியர்கள் எல்லாருக்கும் தெரிந்த காட்சி. வட ஜப்பானில் இவாதே மாகாணத்து யஹாபா என்ற ஊரில் அதையே போட்டியாக வைக்கிறார்கள். மேசையைக் கவிழ்த்தால் மேலிருக்கும் பொருள் எவ்வளவு தூரம் பறக்கிறது என்று டேப் வைத்து அளப்பார்கள். பறந்து விழுந்ததைப் பொறுக்கிய அம்மாக்களுக்கு யாரும் போட்டி வைக்கவில்லை.

அந்த அம்மாக்கள் தெருவுக்கு வந்ததும் உண்டு. போருக்குப் பின் 1948-ல் உருவான ஷுஃபுரென் என்ற இல்லத்தரசிகள் கூட்டமைப்பு, விலைவாசிக்கும் கலப்படப் பொருளுக்கும் எதிராக ஊர்வலம் போனபோது கையில் பிடித்த பதாகை ஆளுயரச் சோற்று அகப்பை. மாமியார் கொடுப்பாரா என்று காத்திருந்த பொருளைத் தாங்களே செய்து தூக்கிக்கொண்டார்கள்.

போருக்குப் பிந்தைய பத்து வருடங்களில் தட்டில் இருந்தது மாறிய வேகம் அதற்கு முன் இல்லாதது. பள்ளிச் சாப்பாடு 1889-லேயே யமகதாவின் ட்சுருஓகாவில் ஒரு கோயில் பள்ளியில், ஏழைப் பிள்ளைகளுக்குச் சோற்று உருண்டையும் உப்பு மீனும் கொடுத்துத் தொடங்கியது. 1946-க்குப் பின் அது அமெரிக்க நிவாரணப் பால்பொடியும் ரொட்டியுமாக மறுபிறவி எடுத்தது. 1954-ல் சட்டமும் வந்தது. 1956 முதல் சமையலறை பொருத்திய பேருந்துகள் ஊர் ஊராகப் போய் இல்லத்தரசிகளுக்குச் செய்முறை காட்டின. செலவு அமெரிக்க உபரி தானியப் பணத்தில், எனவே செய்முறையில் கோதுமை இருந்தாக வேண்டும். அரிசி தின்னும் நாட்டில் பள்ளிச் சாப்பாட்டில் சோறு முறைப்படி இடம்பிடித்தது 1976-ல். பால்பொடி குடித்து வளர்ந்த தலைமுறை அதற்குள் பெற்றோர் ஆகிவிட்டது.

கோதுமை ஒரு பக்கம் வந்தபோது சோறு வடிக்கும் வேலையையே ஓர் இயந்திரம் வாங்கிக்கொண்டது. 1955 டிசம்பரில் தோஷிபா விற்பனைக்குக் கொண்டுவந்த மின்சார குக்கர். அதை உருவாக்கியவர் டோக்கியோவில் சின்னப் பட்டறை வைத்திருந்த மினாமி யோஷிதாதா என்பவர். நாள்தோறும் சோறு பொங்கிப் பார்த்து, வெயிலிலும் பனியிலும் வெப்பம் குறித்துவைத்தவர் அவர் மனைவி ஃபுமிகோ. வெளிப்பானையில் ஊற்றிய தண்ணீர் வற்றியதும் வெப்பம் நூறு டிகிரியைத் தாண்டும், உடனே சுவிட்ச் தானே அணையும். அவ்வளவுதான் சூட்சுமம். விடியுமுன் எழுந்து விறகடுப்பு முன் உட்கார்ந்த தலைமுறைக்கு ஒரு மணி நேரத் தூக்கம் திரும்பக் கிடைத்தது. இந்தக் கதையில் எனக்குப் பிடித்த பொருள் இதுதான், மேசைகள் எல்லாம் அப்புறம்.

மேசை மாறியது வீடு கட்டியவர்களால். கட்டடக்கலைஞர் நிஷியாமா உசோ 1940-களின் தொடக்கத்தில் தொழிலாளர் வீடுகளை ஆராய்ந்து, எவ்வளவு நெருக்கடியிலும் மக்கள் சாப்பிடும் இடத்தைப் படுக்கும் இடத்திலிருந்து பிரிக்கவே முயல்கிறார்கள் என்று சொன்னார். 1951-ல் பொதுக்குடியிருப்புக்காக வரையப்பட்ட ஒரு மாதிரி, சுமார் 40 சதுர மீட்டருக்குள், சமையலறையை அகலமாக்கி அங்கேயே சாப்பிட வைத்தது. 1955-ல் வந்த வீட்டுவசதிக் கழகம் அதை நாடெங்கும் அடுக்குமாடிகளாகக் கட்டியது. மக்கள் பழக்கதோஷத்தில் சாபுதாயை விரித்துவிடுவார்களோ என்று தொடக்கத்தில் உயர மேசையையும் கழகமே சேர்த்துக் கொடுத்தது. வீட்டின் வடக்கு மூலையில் இருட்டும் குளிருமாக இருந்த சமையலறையை 'நிலப்பிரபுத்துவ மிச்சம்' என்று 1949-லேயே சாடிய பெண் கட்டடக்கலைஞர் ஹமாகுச்சி மிஹோ. இந்த வீடுகளுக்கு எவர்சில்வர் தொட்டி வைத்த சமையல் மேடை அமைந்ததில் அவர் கை உண்டு. சமைப்பவர் சாப்பிடுகிறவர்களோடு ஒரே அறையில் நின்றார்.

அந்த அறையில் உட்கார்ந்து சாப்பிட ஆள் வேண்டுமே. மேசை வந்து சேர்ந்த நேரம் அப்பா வீட்டிலிருந்து கிளம்பிவிட்டார். நாடு பொருளாதாரத்தில் பறந்த ஆண்டுகள் அவை. அலுவலகம், அதற்குப் பின் சக ஊழியர்களோடு மது, கடைசி ரயில். பிள்ளைகளுக்கு மாலை டியூஷன். இஷிகேயின் கணக்கில் நாற்காலி மேசை வென்ற அதே 1971-ல் டோக்கியோவின் கின்ஸாவில் நாட்டின் முதல் மெக்டொனால்ட்ஸ் திறந்தது. கப் நூடுல்ஸும் அதே ஆண்டில் வந்தது.

1982-ல் ஊட்டச்சத்துப் பேராசிரியர் அதாச்சி மியுகியும் என்.எச்.கே.வும் சேர்ந்து பள்ளிப் பிள்ளைகளிடம் ஒரு காரியம் செய்தார்கள். நேற்றும் இன்றும் நீ சாப்பிட்டதைப் படமாக வரைந்து தா என்றார்கள். தட்டு, கிண்ணம், யார் எங்கே உட்கார்ந்தார்கள் என்பது உட்பட. பல படங்களில் ஒரே ஓர் ஆள். பெரிய மேசை, சின்னப் பிள்ளை, ரொட்டித் தட்டு, டிவி. நாடு அதிர்ந்தது. தனியாகச் சாப்பிடும் பிள்ளை என்பது அதன்பின் பாராளுமன்றம் வரை பேசும் விஷயமானது. 2005-ல் வந்த உணவுக்கல்விச் சட்டத்துக்கு அந்தப் படங்களும் ஒரு காரணம் என்பேன். 1983-ல் வந்த மொரிதா யோஷிமிட்சுவின் 'குடும்ப விளையாட்டு' படத்தில் குடும்பம் நீளமான குறுகிய மேசையில் ஒரே வரிசையாக, யாரும் யார் முகத்தையும் பார்க்காமல், பேருந்து இருக்கை போல உட்கார்ந்து சாப்பிடும். கடைசியில் டியூஷன் மாஸ்டர் அந்தச் சாப்பாட்டை வாரி இறைத்து மேசையையே கவிழ்ப்பார். கவிழ்க்கும் வேலையும் அப்பா கையை விட்டுப் போயிற்று.

இதே காலத்தில் தொடங்கிய கடைச் சாப்பாட்டின் கதை நமக்கும் பழக்கமானதே, வேகமாகச் சொல்லிவிடலாம். 1974-ல் டோக்கியோவின் தொயோசுவில் நாட்டின் முதல் செவன்-இலெவன் கடை. 1978-ல் அங்கே கடற்பாசித் தாள் நமுத்துப் போகாதபடி பிளாஸ்டிக்கில் தனியே சுற்றிய சோற்று உருண்டை. வீட்டில் அம்மா பிடித்துத் தருவதை யார் காசு கொடுத்து வாங்குவார் என்று அப்போது சிரித்தார்கள். இப்போது வாங்காதவர் இல்லை. புத்தாண்டுக்கு வீட்டுப் பெண்கள் நாள்கணக்கில் சமைத்து அடுக்குப்பெட்டியில் நிரப்பிய ஓசெச்சி உணவை டிபார்ட்மென்ட் ஸ்டோரில் இலையுதிர் காலத்திலேயே முன்பதிவு செய்கிறார்கள், ஒரே ஆளுக்கான பெட்டி உட்பட. 1962-ல் ஆளுக்கு ஆண்டுக்கு 118 கிலோ அரிசி தின்ற நாடு இன்று ஐம்பது கிலோவைச் சற்றே தாண்டுகிறது. 2011-ல் குடும்பங்கள் ரொட்டிக்குச் செலவிட்டது அரிசிக்குச் செலவிட்டதை முதன்முறையாக விஞ்சியது. ஆனால் 2025-ல் ஐந்து கிலோ அரிசி 4,000 யென்னைத் தாண்டி ஏறக்குறைய இரட்டிப்பானபோது அரசுக் கிடங்கு அரிசிக்கு விடியற்காலையிலேயே வரிசை நின்றது. நான் அரிசி வாங்கியதே இல்லை, ஆதரவாளர்களே கொண்டுவந்து தருகிறார்கள் என்று வாய்விட்ட வேளாண் அமைச்சருக்குப் பதவி போயிற்று. ரொட்டி விலையைப் பற்றி உளறியிருந்தால் தப்பியிருப்பாரோ என்னவோ.

இத்தனை மாறியும் பெட்டிக்குள் இருந்த ஒரு வழக்கம் அசையவில்லை. இன்றும் ஜப்பானிய வீட்டில் சோற்றுக் கிண்ணமும் குச்சியும் ஆளுக்கென்று தனி. கறித்தட்டு, கரண்டி, கோப்பை எல்லாம் பொது. அப்பாவின் கிண்ணத்தை மகள் எடுத்துச் சாப்பிடுவதில்லை. கல்யாணப் பரிசாகப் பெரிதும் சிறிதுமாக ஜோடிக் கிண்ணம் கொடுப்பார்கள். பெரியது யாருக்கு என்று கடைக்காரர் சொல்ல வேண்டியதில்லை.

பழைய மௌனமும் ஒருமுறை திரும்பி வந்தது. கொரோனா காலத்தில் பள்ளிகளில் பிள்ளைகள் எல்லாரும் கரும்பலகையைப் பார்த்து வரிசையாக உட்கார்ந்து, பேசாமல் சாப்பிட வேண்டும் என்றார்கள். 2022 நவம்பர் இறுதியில்தான் அப்படி இருக்கத் தேவையில்லை என்று கல்வி அமைச்சகம் சொன்னது. எதிரெதிரே உட்காருவதே மறந்துபோன பிள்ளைகளை அதன்பின் பேச வைப்பது ஆசிரியர்களுக்குப் பெரும்பாடாயிற்று.

2012-ல் டோக்கியோவின் ஓதா பகுதியில் காய்கறிக்கடை நடத்திய ஒரு பெண்மணிக்கு ஒரு பள்ளித் துணைத் தலைமையாசிரியர் மூலம் செய்தி வந்தது. அம்மாவுக்கு உடம்பு சரியில்லாத ஒரு பிள்ளை, பள்ளிச் சாப்பாட்டைத் தவிர, வாழைப்பழத்தைத் தின்றே நாளைக் கழிக்கிறது என்று. அவர் தன் கடையிலேயே சமைத்துப் போடத் தொடங்கினார். அதற்கு வைத்த பெயர் 'பிள்ளைகள் உணவகம்'. அந்தப் பாணியில் நடக்கும் இடங்கள் இப்போது நாடெங்கும் பத்தாயிரத்தைத் தாண்டிவிட்டன. சமுதாயக் கூடம், கோயில், யாரோ ஒருவரின் பூட்டிக் கிடந்த வீடு என்று எங்கும் நடக்கும். பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் இலவசம் அல்லது சில்லறைக் காசு, பெரியவர்களுக்குச் சில நூறு யென். பக்கத்து வீட்டுத் தாத்தா பாட்டிகளும் வருகிறார்கள். அவர்களிலும் பலர் வீட்டில் தனி ஆள். தொடங்கியவர் முதலிலிருந்தே ஒன்றைத் தெளிவாகச் சொல்லி வந்தார்: குடும்பத்தோடு வர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை, ஒரு பிள்ளை தனியாகவே கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வரலாம்.